மெயின்லைனில் உங்கள் பெயர் வேண்டும்: டிரைவர் எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிப் நிறுவனங்களிலும் கருவி நிறுவனங்களிலும் லினக்ஸ் டிரைவர் எழுதும் நண்பர்களுக்கு,

உங்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாதிலும் இருக்கிறீர்கள். நான் ஒரு கல்லூரியின் ஆய்வகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். உங்களில் யாரையும் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் உங்கள் நிரலை இரவில் நெடுநேரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்திருக்கிறேன். நீங்கள் எழுதிய மாட்யூல் ஏறினால்தான் எங்கள் மாணவர்களுக்கு அன்றைய செய்முறை வகுப்பு நடக்கும். அந்த உறவின் பேரில்தான் இந்த மடல்.

கருவி ஓடத் தொடங்கி, பெட்டி கடைக்குப் போனதும், டிரைவர் வேலை முடிந்துவிட்டதாக உங்கள் நிறுவனம் கணக்கை மூடிவிடுகிறது. உங்களை அடுத்த சிப்புக்கு மாற்றிவிடுகிறது. எங்களுக்கோ அன்றுதான் அந்த டிரைவரோடு குடித்தனம் தொடங்குகிறது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று அது நீள்கிறது. அவ்வளவு காலமும் அந்த நிரலை யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பிசிஐ கார்டு இருக்கிறது. வெப்பநிலை, மின்னழுத்தம் போன்றவற்றைச் சென்சார்களிடமிருந்து வாங்கிக் கணினிக்குத் தருவது அதன் வேலை. நல்ல கார்டு. இன்றைக்கும் அதன் அளவீடு பிசகவில்லை. கூட வந்த சிடியில் லினக்ஸ் டிரைவர் இருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினோம். கர்னலைப் புதுப்பித்த முதல் தடவையே இன்ஸ்மாட் கட்டளை 'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று சொல்லி மாட்யூலைத் திருப்பிவிட்டது. அது பெரிய விஷயமில்லை. எந்தக் கர்னலுக்காகக் கட்டப்பட்டதோ அதன் பதிப்பு முத்திரை மாட்யூலுக்குள் இருக்கும். ஓடுகிற கர்னலோடு அது பொருந்தாவிட்டால் ஏறாது. மறுபடி கம்பைல் செய்தால் போதும், செய்தோம். அடுத்த தடவை கம்பைலே ஆகவில்லை. ஆக்சஸ்-ஓகே என்ற மேக்ரோவுக்கு மூன்று மதிப்புகள் தரப்பட்டிருக்கின்றன, அது இரண்டுதான் வாங்கும் என்றது கம்பைலர். திருத்தினோம். அதற்கும் அடுத்த தடவை, ப்ராக் கோப்புகளுக்கான அமைப்பு மாறியிருந்தது. அதையும் திருத்தினோம். பிறகு ஒருநாள், சிடியில் ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருந்த ஓர் ஆப்ஜெக்ட் கோப்பு, கர்னலில் இப்போது இல்லாத ஒரு ஃபங்ஷனைக் கேட்டு நின்றது. அந்தப் பகுதிக்கு மூல நிரலே தரப்படவில்லை. அதோடு எங்கள் கை ஓய்ந்தது.

நிரலின் கடைசி வரிகளில் ஆசிரியர் என்று ஒரு பொறியாளரின் பெயரும் அலுவலக மின்னஞ்சலும் இருந்தன. எழுதினேன். அப்படியொரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன். அந்தக் கார்டின் ஆயுள் முடிந்துவிட்டது, புதிய மாடல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கார்டின் ஆயுள் முடியவில்லை. பழைய கர்னல் போட்ட ஒரு கணினியில், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அதை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத கணினியைக் கல்லூரி நெட்வொர்க்கில் சேர்க்க எனக்குத் துணிவில்லை. மாணவர்கள் அளவீட்டைப் பென்டிரைவில் எடுத்துப்போகிறார்கள்.

இங்கே உங்கள் கோபம் கர்னல்காரர்கள்மேல் திரும்பலாம். 'அவர்கள் ஏன் உள்ளே மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? நிலையான ஓர் இடைமுகம் கொடுத்தால் எங்கள் மாட்யூல் ஏன் உடையப்போகிறது?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்த பிறகு கட்சி மாறிவிட்டேன்.

டைமரை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் வந்ததும் எந்த ஃபங்ஷனை அழைப்பது என்ற சுட்டியும், அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்பும் அந்தக் கட்டமைப்புக்குள் ஒன்றாகவே இருந்தன. நினைவகத்தில் எல்லை மீறி எழுத ஓர் ஓட்டை கிடைத்தால் போதும், தாக்குகிறவர் இரண்டையும் மாற்றிவைத்துத் தனக்கு வேண்டியதைக் கர்னலைக் கொண்டே செய்துகொள்ளலாம். அதனால்தான் 2018 ஜனவரியில் வந்த 4.15 கர்னலில் பழைய இனிட்-டைமர் முறையை எடுத்துவிட்டு டைமர்-செட்டப் முறையைக் கொண்டுவந்தார்கள். நிலையான இடைமுகம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தால் அந்த ஆபத்தையும் சேர்த்தே காலாகாலத்துக்கும் கட்டிக் காக்க வேண்டியிருந்திருக்கும். எங்கள் கார்டு தடுக்கி விழுந்த ஆக்சஸ்-ஓகேயின் கதையும் இதுதான். அதன் முதல் மதிப்புக்கு வேலையே இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. 2019 மார்ச்சில் வந்த 5.0 கர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே அதை நீக்கினார். நீக்கியதோடு விடவில்லை. கர்னல் மூலத்துக்குள் அந்த மேக்ரோவை அழைத்த எல்லா இடங்களையும் அவரே திருத்தினார்.

கடைசியாகச் சொன்னதுதான் என் வழக்கின் மையம். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸ் விடாப்பிடியாக நிற்கிறது. கர்னலுக்கு உள்ளே அப்படியொரு வாக்கு இல்லை, ஏன் இல்லை என்று கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் கர்னலின் ஆவணங்களிலேயே இருக்கிறது. அந்த வாக்குக்குப் பதிலாக ஒரு நடைமுறை இருக்கிறது. உள்ளே ஒன்றை மாற்றுகிறவர், மூலத்துக்குள் அதைப் பயன்படுத்தும் எல்லா டிரைவர்களையும் தாமே சரிசெய்தாக வேண்டும். நம் ஊர்க் குடிமராமத்து இதற்கு நெருக்கமானது. வாய்க்காலின் போக்கை மாற்றினால் அதில் பாயும் ஒவ்வொரு வயலின் மடையையும் ஊரே சேர்ந்து சீர்செய்து தரும். தனிக் குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்தவருக்கு வாய்க்கால் மாறிய செய்தியே வராது. அந்தப் பொது மூலத்துக்கு, அதாவது மெயின்லைனுக்கு, வெளியே நீங்கள் வைத்திருக்கும் டிரைவரின் நிலை அதுதான். யாரும் அதைப் பகைத்துக்கொண்டு உடைப்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

மெயின்லைனுக்குள் வந்துவிட்ட டிரைவரோ, எழுதியவர் தூங்கும்போதும் யாராலோ திருத்தப்படுகிறது. கர்னல் மூலத்தில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். அவற்றில் பலவற்றின் ஆசிரியர்கள் என்றோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் அவை ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு புதிய கர்னலோடும் கம்பைல் ஆகின்றன.

டிகேஎம்எஸ் இருக்கிறதே என்பீர்கள். டெல் நிறுவனத்தில் பிறந்த அந்தக் கருவி, கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் தானே கம்பைல் செய்துதருகிறது. எனக்கும் எத்தனையோ முறை கைகொடுத்திருக்கிறது. ஆனால் கம்பைல் ஆகாத நிரலை அது என்ன செய்யும்? நிரலைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள கர்னல் ஒன்றில் உட்கார்ந்துகொள்வோம் என்றும் சிலர் சொல்கிறீர்கள். ஆறு ஆண்டுவரை தரப்பட்ட அந்த ஆதரவு இரண்டு ஆண்டாகக் குறையும் என்று 2023இல் அறிவித்துவிட்டார்கள். பழைய கர்னல்களைக் காப்பாற்றுகிறவர்கள் களைத்துப்போனதும் அதற்கு ஒரு காரணம்.

கைபேசி உலகம் இதற்கு நிறைய விலை கொடுத்துவிட்டது. டச்சு நிறுவனமான ஃபேர்ஃபோன் 2015இல் விற்கத் தொடங்கிய ஃபேர்ஃபோன் 2க்கு 2023 மார்ச்வரை புதுப்பிப்பு தந்தது. அதிலிருந்த சிப்புக்கான ஆதரவைச் சிப் நிறுவனம் அதற்கு வெகுகாலம் முன்பே நிறுத்திவிட்டது. மீதி ஆண்டுகளை அந்தச் சின்ன நிறுவனம் தன் முதுகில் சுமந்தது. மற்ற நிறுவனங்கள் அந்தச் சுமையை எடுக்கவில்லை. நல்ல திரையும் நல்ல கேமராவும் உள்ள கைபேசிகள் குப்பைக்குப் போயின. ஆண்ட்ராய்டு 12இலிருந்து கூகுள் பொதுக் கர்னல் ஒன்றைக் கொடுத்து, சிப் நிறுவனங்களின் மாட்யூல்களைத் தனியே ஒதுக்கியிருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் அங்கே தரப்படும் நிலையான இடைமுகமும் அந்தந்தக் கர்னல் கிளைக்கு மட்டும்தான். அடுத்த கிளைக்குப் போகும்போது பழைய வேலை திரும்ப வந்து நிற்கும்.

'எங்கள் தொழில் ரகசியம் வெளியே போய்விடும்' என்பது உங்கள் மேலாளர்கள் சொல்வது. ரகசியத்தின் பெரும்பகுதி சிப்பிலும் ஃபர்ம்வேரிலும் இருக்கிறது. ஃபர்ம்வேரைத் தனி பைனரியாகத் தர லினக்ஸ் உலகம் இடம் கொடுத்துத்தான் இருக்கிறது. கர்னல் டிரைவரில் இருப்பது எந்த ரெஜிஸ்டரில் எப்போது என்ன எழுத வேண்டும் என்ற விவரம். பிராட்காம் வைஃபை சிப்புகளுக்கு ஆவணம் தராதபோது தன்னார்வலர்கள் அதைத் தோண்டியே எடுத்தார்கள். ஒரு குழு பழைய டிரைவரைப் பிரித்துப் பார்த்துக் குறிப்பெழுத, அந்தக் குறிப்பை மட்டும் வைத்து மற்றொரு குழு புதிய டிரைவரை எழுதியது. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. என்விடியா 2022 மே மாதம் தன் கர்னல் மாட்யூல்களின் மூலத்தைத் திறந்தது. எப்படியும் வந்து சேர வேண்டிய இடத்துக்கு, பயனர்களை இத்தனை ஆண்டு அலைக்கழித்த பிறகு எதற்காக வர வேண்டும்?

மெயின்லைனில் பரிசீலனை கடுமையானது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். சில சமயம் பேச்சும் கடுமையாக இருந்திருக்கிறது. 2018இல் நடத்தை விதிகள் கொண்டுவர வேண்டிய அளவுக்கு இருந்திருக்கிறது. பேட்ச் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் அந்தக் கடுமை எங்களைப் போன்றவர்களைத்தான் காக்கிறது. 2016 டிசம்பரில் ஏஎம்டி தன் பிரமாண்டமான டிஸ்ப்ளே நிரலை அனுப்பியபோது, கிராஃபிக்ஸ் பகுதியின் பராமரிப்பாளர் டேவ் ஏர்லி அதை ஏற்க மறுத்தார். பல இயங்குதளங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று நடுவில் அவர்கள் கட்டியிருந்த அடுக்கை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு ஏஎம்டி ஒதுங்கிக்கொண்டால் அதற்குள் புகுந்து திருத்த மற்றவர்களால் முடியுமா என்பது அவர் கவலை. ஏஎம்டி பொறியாளர்கள் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஓர் ஆண்டு உழைத்து மாற்றி எழுதினார்கள். 4.15இல் அது உள்ளே வந்தது. இன்று ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ள கணினியில் லினக்ஸ் போட்டால் திரை தானாக ஒளிர்கிறதென்றால், அந்த ஓர் ஆண்டுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

நிரலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவதும் பராமரிப்பு ஆகாது. 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் ஹைப்பர்-வி டிரைவர்களை, ஏறத்தாழ 20,000 வரிகளை, ஜிபிஎல் உரிமத்தில் லினக்ஸுக்குக் கொடுத்தபோது உலகமே அதைச் செய்தியாக்கியது. இன்னும் பக்குவப்படாத டிரைவர்களுக்கான ஸ்டேஜிங் பகுதியில் அவை சேர்க்கப்பட்டன. ஒருசில வாரங்களில் கொடுத்தவர்களைக் காணோம். மற்றவர்கள் நூற்றுக்கணக்கான பேட்ச்சுகள் அனுப்பித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் தூக்கிவிடுவேன் என்று செப்டம்பரிலேயே அந்தப் பகுதியைக் கவனித்துவந்த க்ரோவா-ஹார்ட்மன் வெளிப்படையாக எழுதிவிட்டார். அது வெறும் மிரட்டல் அல்ல. அதே பகுதியில் இருந்த ஆண்ட்ராய்டு டிரைவர்களைக் கவனிக்க ஆளில்லை என்று 2010இன் தொடக்கத்தில் வந்த 2.6.33இலிருந்து நீக்கினார். அவை மறுபடி உள்ளே வர 2012 ஆனது. மைக்ரோசாஃப்ட் சுதாரித்துக்கொண்டது. 2011இல் வெளியான 3.0 கர்னலுக்கு எண்ணிக்கையில் மிக அதிக மாற்றங்கள் அனுப்பியவர் அந்நிறுவனத்தின் கே. ஒய். ஸ்ரீநிவாசன். பெரும்பாலும் எல்லாமே அந்த ஹைப்பர்-வி டிரைவர்களைச் சீராக்கும் வேலை. ஒரு பொறியாளர் பொறுப்பேற்றால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை. உங்களால் முடியாது என்று நீங்கள் சொன்னால் நம்ப மாட்டேன்.

பொறுப்பேற்க ஆளில்லாத இடத்தில் யார் வருகிறார்கள் என்பதையும் சொல்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு வைஃபை டாங்கிள் வாங்குங்கள். மறுமாதம் அதே கடையில், அதே மாடல் எண்ணில் இன்னொன்று வாங்குங்கள். பெட்டியின் ஓரத்தில் சின்னதாக வி2 என்று போட்டிருக்கும். உள்ளே வேறொரு சிப் இருக்கும். முதலாவது செருகியதும் ஓடும். இரண்டாவதற்கு இணையத்தில் யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தில் திருத்தி வைத்திருக்கும் டிரைவரைத் தேடிப் போக வேண்டும். அந்த 'யாரோ ஒருவர்' பல ஆண்டுகளாக அமெரிக்காவின் லாரி ஃபிங்கராக இருந்தார். முதலில் பிராட்காம், பிறகு ரியல்டெக் வைஃபை சிப்புகள் லினக்ஸில் ஓடியதற்கு அவர் உழைப்பு பெரிய காரணம். கர்னலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேட்ச்சுகள் அனுப்பியவர். ரியல்டெக்கின் ஊழியர் அல்ல. புதிய டிரைவர் பழைய கர்னலில் ஏறவில்லை என்று எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் பதில் எழுதுவார். 2024 ஜூனில், 84 வயதில் அவர் காலமானார். இப்போது ரியல்டெக்கின் புதிய வைஃபை டிரைவர்களை அந்நிறுவனத்தின் பொறியாளரே மெயின்லைனில் பராமரிக்கிறார். அப்படித்தான் இருக்க வேண்டும். சிப் விற்ற லாபம் ஒரு நிறுவனத்துக்கும், அதன் டிரைவரைக் கட்டி அழும் பாடு ஓய்வுபெற்ற ஒரு முதியவருக்கும் என்று நாம் இத்தனை காலம் விட்டுவைத்திருந்தது நியாயமே இல்லை.

'எங்கள் டிரைவர் எங்கள் பொறுப்பு, வெளியார் தயவு வேண்டாம்' என்கிற தன்மானக்காரர்களுக்கு 2008இல் நடந்ததை நினைவூட்ட வேண்டும். 2.6.27இன் சோதனைப் பதிப்புகளைப் போட்டவர்களின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்துப்போயின. கார்டின் நிரந்தர நினைவகமே அழிந்திருந்தது. எல்லோரும் அந்தக் கார்டுகளின் இ1000இ டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள். குற்றவாளி அங்கே இல்லை. ஃபங்ஷன் அழைப்புகளைத் தடம்பிடிக்கும் எஃப்டிரேஸ் என்ற பகுதி, மாட்யூல்களின் தொடக்க நிரல் இருந்த முகவரிகளைக் குறித்துவைத்திருந்தது. மாட்யூல் ஏறி முடிந்ததும் அந்த இடம் விடுவிக்கப்படும். அதே முகவரிகளில் பிறகு கார்டின் நினைவகம் வந்து அமர்ந்தது. தடம்பிடிப்பான் பழைய நினைப்பில் அங்கே எழுதிவிட்டது. இன்டெல்காரர்களும் பிற நிறுவனத்தவரும் ஒரே மூலத்தை முன்னால் வைத்துக்கொண்டு தேடியதால்தான் இது பிடிபட்டது. மூலம் பூட்டிய ஒரு மாட்யூலில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளி மாட்யூல் ஏறினாலே கர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறியோடு வரும் புகாரைக் கர்னல்காரர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. பார்க்க முடியாத நிரலுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்?

இனி என் வேண்டுகோள். அடுத்த சிப் உங்கள் மேசைக்கு வந்ததும், டிரைவரை மெயின்லைனுக்கு அனுப்பும் வேலையைத் திட்டத்தின் கடைசியில் தள்ளாதீர்கள். கருவி கடைக்குப் போகும் முன்பே முதல் பேட்ச் போகட்டும். முழுசாக இல்லாவிட்டால் பரவாயில்லை, சின்னச் சின்னதாக அனுப்புங்கள். ஒரே மூட்டையாகப் பல்லாயிரம் வரி வந்தால் படிக்க ஆளிருக்காது. கர்னல் மூலத்தின் மேல்மட்டத்தில் மெயின்டெய்னர்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் உங்கள் டிரைவருக்கு நேராக உங்கள் பெயரும் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் பெயரும் இருக்கட்டும். நிலை என்ற வரியில் 'சப்போர்ட்டட்' என்று எழுதினால், இதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் பெறும் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு உண்மையாக, வாரத்தில் ஓர் அரைநாளையாவது உங்கள் மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் தயங்கினால் மெயின்லைனுக்கு வெளியே வைத்திருக்கும் டிரைவரை ஒவ்வொரு கர்னலுக்கும் மாற்றி எழுத உங்கள் குழு செலவிட்ட நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது.

வேலை மாறினால் மின்னஞ்சல் முகவரியை மாற்ற ஒரு பேட்ச் அனுப்பிவிட்டுப் போங்கள். இனி பார்க்க முடியாது என்றால் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் 'ஆர்ஃபன்' என்று நேர்மையாகக் குறித்துவிடுங்கள். ஃபிளாப்பி டிரைவர்கூட 2019இல் அப்படிக் குறிக்கப்பட்டு, பின்னர் அதற்கும் ஒருவர் முன்வந்தார். ஆளில்லை என்று தெரிந்தால்தான் ஆள் வரும்.

ஏற்கெனவே விற்று முடித்த கருவிகளையும் மறந்துவிடாதீர்கள். அவற்றின் மூல நிரலும் ரெஜிஸ்டர் ஆவணமும் உங்கள் அலுவலகத்தின் ஏதோ ஒரு சர்வரில் இருக்கின்றன. இனி அவற்றால் உங்கள் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் வரப்போவதில்லை, வெளியிட்டால் நட்டமும் இல்லை. வெளியிடச் சொல்லிச் சட்டப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதித் திருத்த எங்கள் மாணவர்களே இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் டிரைவர்களை நம்பி ஆய்வகம் நடத்தும் ஒருவன்